கை எலும்பு முறிவு: கட்டுப் போட்டே குணமாக்கும் முறைகள்

என் அப்புச்சியின், அதாவது அம்மாவைப் பெற்ற தாத்தாவின், வலக்கை மோதிர விரல் அவர் காலம் முடியும்வரை மடங்கவே இல்லை. காங்கேயம் பக்கத்தில் வண்டிமாட்டைப் பிடித்துக்கொண்டிருந்தபோது கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றி வைத்திருக்கிறார். மாடு மிரண்டு இழுத்ததில் விரலின் அடி எலும்பு முறிந்துவிட்டது. அக்கம்பக்கத்தில் கட்டுக் கட்டும் ஒருவர் மூங்கில் தப்பை வைத்து, முட்டையின் வெள்ளைக்கருவும் உளுத்தமாவும் குழைத்துத் தடவிய துணியால் விரலை நீட்டவாக்கில் இறுகக் கட்டி, ஒரு மண்டலம் அவிழ்க்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். 48-ஆம் நாள் கட்டைப் பிரித்தபோது எலும்பு கோணாமல் கூடியிருந்தது, மூட்டுகள்தான் போயிருந்தன. அதன்பின் மண்வெட்டியைப் பிடிக்கும்போதெல்லாம் அந்த விரல் மட்டும் காம்பைத் தொடாமல் விறைப்பாக நீட்டிக்கொண்டு நிற்பதைச் சிறுவயதில் நான் வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

அந்த விரலில் நடந்ததைப் புரிந்துகொண்டால், கை எலும்பு முறிவுக்கு அறுவை இல்லாமல் செய்யும் சிகிச்சையின் பாதி புரிந்துவிடும். கையில் ஏற்படும் முறிவுகளில் பெரும்பாலானவை கத்தி வைக்காமலே குணமாகக்கூடியவை. ஆனால் கட்டு என்பது இரண்டு வேலைகளைச் செய்தாக வேண்டும்: முறிந்த எலும்பு கூடும்வரை அசையாமல் பிடித்திருக்க வேண்டும், முறியாத மூட்டுகளைப் பிடித்துக்கொண்டுவிடக் கூடாது. முதல் வேலையை நம் ஊரில் எல்லாரும் அறிவார்கள். இரண்டாவதைத்தான் நோயாளியும் மறக்கிறார், சில நேரம் கட்டுப் போடுபவரும் மறந்துவிடுகிறார்.

தமிழில் ‘கை’ என்றால் தோளிலிருந்து விரல் நுனிவரை எல்லாமே கைதான் என்பதால், இங்கே பேசப்படுவது மணிக்கட்டு முதல் விரல் நுனிவரை உள்ள பகுதி மட்டுமே என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தச் சிறிய இடத்துக்குள் 27 எலும்புகள் இருக்கின்றன. மணிக்கட்டில் கூழாங்கற்களைப் போல எட்டு, உள்ளங்கையில் ஐந்து, கட்டைவிரலில் இரண்டு, மற்ற நான்கு விரல்களில் மும்மூன்று. எலும்புகளுக்கு மேலே, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் வழுக்கிக்கொண்டு ஓடுகின்றன. தொடை எலும்பைச் சுற்றித் தசை மூடியிருப்பதைப்போல விரலில் இல்லை. தோல், அதையொட்டித் தசைநாண், அதையொட்டி எலும்பு என்று எல்லாம் நெருக்கமாக இருப்பதால், எலும்பு கூடும்போது உண்டாகும் வீக்கமும் தழும்பும் பக்கத்தில் உள்ள தசைநாணையும் மூட்டையும் எளிதில் ஒட்டவைத்துவிடுகின்றன. கால் எலும்புக்குப் பல மாதம் கட்டுப் போட்டால் பொறுத்துக்கொள்ளும். விரல் அவ்வளவு காலம் பொறுக்காது.

முறிந்த எலும்பு தானாகவே கூடும் இயல்புடையது. முறிந்த இடத்தில் கசிந்த இரத்தம் உறைந்து, அதற்குள் மென்மையான இணைப்புத் திசு வளர்ந்து, பின் அதில் சுண்ணாம்புச் சத்து படிந்து கெட்டியாகிறது. விரல் எலும்பும் உள்ளங்கை எலும்பும் மூன்று நான்கு வாரங்களிலேயே மெதுவான அசைவைத் தாங்கும் அளவுக்குப் பிடித்துக்கொள்கின்றன. குழந்தைகளுக்கு இன்னும் விரைவாக. எனவே மருத்துவர் முதலில் பார்ப்பது, எலும்புத் துண்டுகள் எவ்வளவு விலகியிருக்கின்றன, இருக்கும் இடத்திலேயே நிற்குமா அல்லது மறுபடியும் நழுவுமா, விரல் திருகிக்கொண்டிருக்கிறதா என்பவற்றைத்தான்.

இவற்றில் திருகலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது. நம் கண்ணுக்குத்தான் தெரியும். நல்ல கையை மெதுவாக மடக்கிப் பாருங்கள். நான்கு விரல் நுனிகளும் ஒன்றோடொன்று மோதாமல், கட்டைவிரலின் அடியில் மணிக்கட்டுப் பக்கம் உள்ள மேட்டை நோக்கிச் சாய்ந்து வரும். அடிபட்ட கையை அதேபோல, வலி தாங்கும் அளவுக்கு மடக்கும்போது ஒரு விரல் பக்கத்து விரலின் மேல் ஏறிக்கொண்டாலோ, ஒரு நகம் மட்டும் வேறு பக்கம் பார்த்தாலோ அந்த எலும்பு திருகிக் கிடக்கிறது என்று பொருள். உள்ளங்கை எலும்பு வெறும் ஐந்து பாகை திருகியிருந்தாலே விரல் நுனி பக்கத்து விரல்மேல் ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் ஏறிவிடும். எலும்பு சற்று வளைந்து கூடினால் கை சமாளித்துக்கொள்ளும். திருகிக் கூடினால் சமாளிக்காது. நூல் பிடிக்கும்போதும் சோற்றை அள்ளும்போதும் அந்த விரல் குறுக்கே வந்து நிற்கும்.

அடிபட்ட முதல் ஒரு மணி நேரத்தில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றை உடனே கழற்ற வேண்டும்; வீங்கிய பின் மோதிரமே விரலை இறுக்கும் கயிறாகிவிடும், வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து எடுக்கலாம். அட்டையையோ பழைய செய்தித்தாள் மடிப்பையோ அடியில் வைத்துத் தளர்வாகச் சுற்றி, கையை நெஞ்சுக்கு மேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். “சுளுக்குத்தானுங்க, எண்ணெய் போட்டு நீவி விட்டாச் சரியாப் போயிரும்” என்று சொல்லிக் கையைப் பிடிக்க வருபவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். விரலை அசைக்க முடிகிறது என்பதனால் முறிவு இல்லை என்று ஆகிவிடாது. எக்ஸ்ரே எடுக்கும்வரை யாரையும் நீவ விடாதீர்கள்.

கையில் அதிகமாகக் காணப்படும் முறிவு விரலின் நுனி எலும்பில் நேர்வது. சோமனூரில் தறியிலும், கோவையில் பவுண்டரியிலும் லேத்திலும், வீட்டில் கதவிடுக்கிலும் விரல் நசுங்கி இது வருகிறது. நுனி எலும்பு நொறுங்கியிருந்தாலும், நகமும் விரல் சதையும் இருபுறமும் அணைத்துக்கொண்டிருப்பதால் அதற்குப் பெரும்பாலும் சிறிய அலுமினியப் பட்டை ஒன்றே போதும். இரண்டு முதல் நான்கு வாரம் நுனி மூட்டை மட்டும் அசையாமல் வைத்து, நடு மூட்டை அசையவிட வேண்டும். உண்மையில் வேதனை தருவது எலும்பு இல்லை, நகத்துக்கடியில் தேங்கிக் கருத்த இரத்தம். அது விண்விண்ணென்று தெறித்தால், நகத்தில் ஊசிமுனையளவு துளையிட்டு மருத்துவர் அதை வெளியேற்றிவிடுவார். அந்த நொடியிலேயே வலி பாதியாகக் குறையும். நகம் பிய்ந்திருந்தாலோ தோல் கிழிந்திருந்தாலோ காயத்தைக் கழுவித் தைக்க வேண்டும், டி.டி. ஊசியும் தேவைப்படும்.

நுனி எலும்பிலேயே இன்னொரு வகை உண்டு. அது எனக்கே வந்ததால் சற்று அருகிலிருந்து சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் கேட்ச் பிடிக்கப் போய், பந்து நடுவிரல் நுனியில் நேராக மோதியது. பெரிய வலி இல்லை. ஆனால் விரலின் கடைசிக் கணு தலை குனிந்த மாதிரி தொங்கிக்கொண்டு, எவ்வளவு முயன்றும் நிமிரவில்லை. விரலை நிமிர்த்தும் தசைநாண், தான் ஒட்டியிருக்கும் இடத்தில் எலும்புச் சில்லு ஒன்றைப் பெயர்த்துக்கொண்டு விலகிவிடுவதே இதற்குக் காரணம். சிகிச்சை எளிது, ஆனால் பொறுமையைச் சோதிப்பது: நுனி மூட்டை மட்டும் நேராகப் பிடிக்கும் சிறிய பிளாஸ்டிக் உறையை ஆறு முதல் எட்டு வாரம் இரவும் பகலும் போட்டிருக்க வேண்டும். இடையில் ஒரே ஒரு முறை நுனி மடங்கிவிட்டாலும், கூடத் தொடங்கிய இடம் மறுபடி பிரியும், நாள் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

அந்த உறையை அவ்வப்போது கழற்றித் தோலைத் துடைத்தாக வேண்டும், இல்லையென்றால் வியர்வையில் ஊறித் தோல் வெளுத்துப் புண்ணாகும். அதற்கு எனக்குக் கற்றுக்கொடுத்த முறை இது: விரலை மேசைமேல் தட்டையாக வைத்து, நுனி மேசையை விட்டு எழாமலும் தொங்காமலும் உறையை முன்பக்கமாக உருவ வேண்டும், துடைத்து உலர்த்திவிட்டு, விரல் மேசையில் இருக்கும்போதே மறுபடி மாட்ட வேண்டும். முதல் வாரம் என் மனைவி எதிரில் உட்கார்ந்து நுனியைத் தன் விரலால் தாங்கிப் பிடித்துக்கொள்வாள். எட்டு வாரம் கழித்து, தூங்கும்போது மட்டும் இன்னும் சில வாரம் போட்டுக்கொண்டேன். இப்போதும் அந்த நுனி முழுவதும் நிமிராது, ஓர் இம்மியளவு தாழ்ந்தே நிற்கும். அதனால் எந்த வேலையும் கெடவில்லை.

விலகாத, நழுவாத விரல் முறிவுகளுக்குச் செய்வது இன்னும் எளிது. அடிபட்ட விரலைப் பக்கத்து நல்ல விரலோடு சேர்த்து பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிடுவார்கள். நல்ல விரலே தப்பையாக நிற்கிறது, அதோடு அடிபட்ட விரலையும் தன்னோடு மடக்கி நீட்டவும் வைக்கிறது. ஏரில் பழகிய மாட்டோடு பழகாத கன்றைப் பூட்டுவது போலத்தான். இரண்டு விரல்களுக்கும் நடுவே மெல்லிய பஞ்சோ துணியோ வைக்காவிட்டால் வியர்வையில் தோல் கெட்டுவிடும். பிளாஸ்திரியைக் கணுக்களின் மேல் ஒட்டாமல், கணுக்களுக்கு இடையிலுள்ள பகுதிகளில்தான் ஒட்ட வேண்டும். மூன்று நான்கு வாரம் இப்படி இருந்தால் போதும். இவ்வளவு சின்ன சிகிச்சைக்கா மருத்துவமனைக்கு வந்தோம் என்று மனக்குறைப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரிய கட்டுப் போட்டால்தான் பெரிய வைத்தியம் என்ற நினைப்பு நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது.

கோபத்தில் சுவரைக் குத்துபவர்களுக்கு வருவது சுண்டு விரலுக்கு நேர் கீழே, உள்ளங்கை எலும்பின் கழுத்தில் ஏற்படும் முறிவு. கையை மூடும்போது புடைத்துத் தெரியும் விரல் முட்டிகளில் ஒன்று உள்ளே அமுங்கிப் போயிருக்கும். இங்கே ஒரு வியப்பான கணக்கு இருக்கிறது. ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் உரிய உள்ளங்கை எலும்புகள் மணிக்கட்டில் ஏறக்குறைய ஆணியடித்த மாதிரி நிற்பவை. அவை பத்துப் பதினைந்து பாகைக்கு மேல் வளைந்து கூடினால் உள்ளங்கையில் கட்டி போல உறுத்தும். சுண்டு விரலின் எலும்போ அடியிலிருந்தே அசையக்கூடியது. கையை இறுக மூடும்போது சுண்டு விரல் பக்கம் முன்னோக்கி வளைவதைப் பார்த்தாலே இது தெரியும். அதனால் அந்த எலும்பின் கழுத்து நாற்பது, ஐம்பது பாகைவரை வளைந்து கூடினாலும் பிடியில் குறை தெரிவதில்லை. அதற்கு மேல் வளைந்திருந்தால், மரத்துப்போக ஊசி போட்டு, விரலைச் செங்குத்தாக மடக்கி, அந்த விரலையே நெம்புகோலாக வைத்து எலும்பை மேலே தள்ளிச் சரிசெய்வார்கள். பிறகு சுண்டு விரலையும் மோதிர விரலையும் சேர்த்து, முன்கையின் சுண்டு விரல் பக்கமாகக் கால்வாய் வடிவில் அரைக்கட்டு (ஒரு பக்கம் மட்டும் போடும் மாவுக்கட்டு) மூன்று வாரமளவுக்கு. ஆனால் குத்தியது சுவரை இல்லாமல் இன்னொருவரின் வாயை என்றால், முட்டியில் உள்ள சிறு கீறலை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்; பல் பட்ட காயம் மூட்டுக்குள் சீழ் வைக்கும், அது வேறு வைத்தியம்.

இப்போது அப்புச்சியின் விரலுக்குத் திரும்பலாம். அது ஏன் மடங்காமல் போயிற்று? விரல் உள்ளங்கையோடு சேரும் முட்டியின் இருபுறமும், எலும்பை எலும்போடு இணைக்கும் இரண்டு தசைநார்கள் கட்டுப்போல ஓடுகின்றன. முட்டியின் தலைப்பகுதி வட்டமாக இல்லாமல் ஒரு பக்கம் புடைத்திருப்பதால், விரலை நீட்டியிருக்கும்போது அந்தத் தசைநார்கள் தளர்ந்தும், மடக்கும்போது விறைப்பாக இழுபட்டும் இருக்கின்றன. தளர்ந்த நிலையில் பல வாரம் கட்டி வைத்தால் அவை அந்த நீளத்துக்கே சுருங்கிவிடும். பிறகு மடக்க முயலும்போது, நீளும் அளவு அவற்றில் இருப்பதில்லை. மழையில் நனைந்து சுருங்கிய கட்டில் கயிற்றை இழுத்துப் பார்ப்பது போன்ற நிலை அது. விரலின் நடுக் கணுவில் நிலைமை நேர் எதிர்: அதை மடக்கி வைத்தால், உள்ளங்கைப் பக்கமுள்ள தடித்த நார்த்தட்டு சுருங்கி, பின்னர் நிமிர விடாது.

ஆகவே கையில் கட்டுப் போடும்போது மணிக்கட்டைச் சற்றுப் பின்பக்கம் நிமிர்த்தி, விரல்களின் அடி முட்டிகளை எழுபது முதல் தொண்ணூறு பாகைவரை மடக்கி, விரல்களை நேராக நீட்டி வைக்கிறார்கள். ஒரு செங்கல்லை மேலிருந்து கைநிறையப் பிடித்துத் தூக்குவதாக எண்ணிக்கொள்ளுங்கள். கை எடுக்கும் வடிவம் ஏறக்குறைய அதுதான். பார்ப்பதற்கு விநோதமாக, இயற்கைக்கு மாறானதாகத் தோன்றும். “கையை இப்படி மடக்கிக் கட்டியிருக்கிறாங்களே, கோணலாகவே நின்றுவிடாதா?” என்று வீட்டார் கேட்பார்கள். நீட்டிக் கட்டியிருந்தால்தான் அப்படி நின்றுபோயிருக்கும். அப்புச்சிக்குக் கட்டியவர் எலும்பைப் பிசகில்லாமல் பிடித்து வைத்தார். அவர் கைப்பழக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். விரலின் எல்லா மூட்டுகளையும் நீட்டவாக்கில் 48 நாள் பூட்டி வைத்ததுதான் தவறாகப் போயிற்று.

மாவுக்கட்டு என்று நாம் சொல்வது ஜிப்சம் என்னும் கனிமத்தைச் சூடாக்கி நீர்ச்சத்தைக் குறைத்த பொடி தடவிய துணி. 1850-களின் தொடக்கத்தில் நெதர்லாந்தின் ராணுவ மருத்துவர் அந்தோனியஸ் மதைசன் இதைக் கட்டுத்துணியில் பயன்படுத்தும் முறையை உருவாக்கினார். நனைத்ததும் அந்தப் பொடி மறுபடி ஜிப்சமாக இறுகும். அப்போது வெப்பம் வெளிப்படுவதால்தான் கட்டுப் போட்ட சிறிது நேரம் கை கதகதப்பாக இருக்கிறது. முழுவதும் உலர ஒன்றிரண்டு நாள் ஆகும். புதிதாக அடிபட்ட கைக்கு முழுச்சுற்றாகப் போடாமல் ஒரு பக்கம் மட்டும் அரைக்கட்டாகப் போட்டுத் துணியால் சுற்றுவது வழக்கம், ஏனெனில் முதல் இரண்டு மூன்று நாள் வீக்கம் கூடும், அதற்கு இடம் வேண்டும். கட்டுக்குள் வலி குறையாமல் நாளுக்கு நாள் ஏறினால், விரல் நுனி நீலம்பாரித்தால், சில்லிட்டால், மரத்துப்போனால், விரலை இன்னொருவர் லேசாக நீட்டினாலே உயிர் போகிற மாதிரி வலித்தால், அது இரவு இரண்டு மணியானாலும் உடனே போய்க் கட்டைப் பிரிக்கச் சொல்ல வேண்டும். நாட்டுக் கட்டோ மருத்துவமனைக் கட்டோ, இறுக்கமான கட்டுக்குள் இரத்த ஓட்டம் நின்றால் விரலே அழுகிப்போகும். கட்டுக்குள் அரிக்கிறது என்று ஊக்கையோ குச்சியையோ விடுவதும் வேண்டாம்.

கட்டைவிரல் பக்கம் ஒரு முறிவு ஏமாற்றக்கூடியது. பைக்கிலிருந்து விழும்போது உள்ளங்கையை ஊன்றினால் மணிக்கட்டில் உள்ள படகு வடிவச் சிற்றெலும்பு முறியலாம். கட்டைவிரலை விரித்தால் அதன் அடியில் ஒரு குழி விழுமல்லவா, அங்கே அழுத்தினால் வலிக்கும். ஆனால் முதல் நாள் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் போகலாம். அப்படியும் மருத்துவர் கட்டுப் போட்டு, பத்துப் பதினான்கு நாள் கழித்து மறுபடி படம் எடுக்கச் சொன்னால், காசு பிடுங்குகிறார் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். இந்த எலும்புக்கு இரத்தம் விரல் பக்கத்து முனையிலிருந்து பின்னோக்கித்தான் பாய்கிறது. முறிந்தால் மறுமுனைத் துண்டுக்கு இரத்தம் குறைந்துவிடும். அதனால் மற்ற எலும்புகள் மூன்று நான்கு வாரத்தில் கூடும்போது, இதற்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரக் கட்டு தேவைப்படலாம். கவனிக்காமல் விட்டால் கூடாமலேயே நின்று, பல ஆண்டு கழித்து மணிக்கட்டையே தேய்த்துவிடும்.

கட்டு போதாத முறிவுகளும் உண்டு. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தவை, திருகல் சரியாகாதவை, மூட்டின் வழவழப்பான பரப்பு உடைந்து படிக்கட்டுபோல ஏற்ற இறக்கமானவை, நேராக்கிய பின்னும் நழுவுகிற சாய்வான முறிவுகள், ஒரே கையில் பல எலும்புகள் முறிந்தவை ஆகியவற்றுக்குக் கம்பியோ தட்டோ வைக்க வேண்டியிருக்கும். கட்டைவிரலின் அடி எலும்பு மூட்டுக்குள் முறிந்தாலும் பெரும்பாலும் அப்படித்தான். கை அறுவைக்கு நாட்டின் பிற பகுதிகளிலிருந்தும் கோவை கங்கா மருத்துவமனையைத் தேடி வருகிறார்கள் என்பதால், கொங்குப் பகுதியில் இருப்பவர்களுக்கு அந்த வழி அருகிலேயே இருக்கிறது. இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள மில்லிலோ பனியன் கம்பெனியிலோ வேலை நேரத்தில் அடிபட்டால், விபத்தை அன்றே பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள்; வேலைக்குப் போக முடியாத நாள்களுக்கு ஊதியத்தில் 90 விழுக்காடு பெற அந்தப் பதிவு உதவும். வேலை செய்யக் கூடாது என்று மருத்துவர் சொன்ன கையோடு தறியில் நிற்பவர்கள் பலர் இதைக் கேட்டுப் பெறுவதே இல்லை.

கட்டுப் பிரித்த அன்று கை மெலிந்து, தோல் உரிந்து, அந்நியமாக இருக்கும். கை மூடாது. அன்றிலிருந்துதான் நோயாளியின் பங்கு தொடங்குகிறது. வெதுவெதுப்பான நீரில் கையை வைத்து, ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை, ஒவ்வொரு மூட்டையும் தனித்தனியாக மடக்கி நீட்ட வேண்டும். அடிக் கணுவை மறுகையால் பிடித்துக்கொண்டு நடுக் கணுவை, நடுக் கணுவைப் பிடித்துக்கொண்டு நுனிக் கணுவை. பிறர் பலவந்தமாக மடக்கிவிடுவதை அனுமதிக்கக் கூடாது. அதனால் வீக்கம்தான் கூடும். சப்பாத்தி மாவு உருண்டையைப் பிசைவது நல்ல பயிற்சி. பாரம் தூக்குவதும் இறுகப் பிடித்து முறுக்கும் வேலையும் பொதுவாக ஆறு முதல் எட்டு வாரத்துக்குப் பிறகுதான். பீடி சிகரெட் பழக்கம் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். அதை மட்டும் விட்டுவிட்டால் எலும்பு சூப்பைவிட அதிகப் பயன் உண்டு.

நான்காம் வாரம் எடுத்த படத்தில் முறிந்த கோடு இன்னும் தெரிகிறதே என்று பலர் அஞ்சுகிறார்கள். அழுத்தினால் வலியில்லை, விரல் அசைகிறது என்றால் எலும்பு பிடித்துக்கொண்டது. படத்தில் அந்தக் கோடு மறைய மாதங்கள் ஆகும். நடுக் கணுவின் வீக்கமும் அதுபோலத்தான், ஓராண்டுவரைகூட நீடிக்கலாம். பழைய மோதிரம் ஏறவில்லை என்று அவசரப்பட்டு ஆசாரியிடம் கொடுத்துப் பெரிதாக்கிவிட வேண்டாம். வீக்கம் வடிந்த பின் அது நழுவி விழும்.